ஆண்டகளூர் கேட் வரைக்கும் ஒரு சாக்ஸஃபோன்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறும்போது எங்க ஊர்ப் பசங்க ஜன்னல் சீட்டைத் தேட மாட்டார்கள். எந்த ஸ்பீக்கருக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். சுமார் ஐம்பது கிலோமீட்டர். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வந்து போகும், பாட்டு மட்டும் நிற்காது. நான் இசை கேட்கக் கற்றுக்கொண்டது இந்த பஸ்களில்தான். பாட்டு வரிகள் காதில் விழுவதற்கு முன்பே பேஸ் முதுகில் வந்து இடிக்கும்.

போன வருஷம் பெரியப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு அதே ரூட்டில் போனேன். அபூர்வமாக அன்றைக்கு பஸ்ஸில் ஸ்பீக்கர் ரிப்பேர். நான் இயர்ஃபோனை எடுத்து மாட்டினேன். ஒரு பக்கத்தை அவர் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்தது செயின்ட் ஜெர்மெயின் என்ற பெயரில் இசையமைக்கும் பிரெஞ்சுக்காரர் லுடோவிக் நவாரின் 'ரோஸ் ரூஜ்'. 2000-இல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட 'டூரிஸ்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. அடியில் ஹவுஸ் இசையின் கிக் டிரம், மேலே ஜாஸ்.

பெரியப்பா ஆண்டகளூர் கேட் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "மேல தாளம் தட்டறது ஆளு சாமி. அடியில இடிக்கறது மிசினு. ரெண்டும் ஒண்ணா உக்காந்து வாசிச்சதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பாட்டில் ஓடுகிற டிரம்ஸ் துண்டு, டேவ் புரூபெக் குவார்ட்டெட் 1959-இல் பதிவு செய்த 'டேக் ஃபைவ்'-இலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. வாசித்தவர் ஜோ மொரெல்லோ. நடுவில் வரும் பெண் குரலும் அப்படித்தான், மார்லினா ஷா என்ற பாடகியின் மேடைப் பதிவிலிருந்து எடுத்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் கையும் ஒரு மெஷினின் இடியும் ஸ்டுடியோவில் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. இதை நான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பா காதால் கண்டுபிடித்துவிட்டார்.

ஏனென்றால் அவர் முப்பத்தைந்து வருஷம் பேண்ட் செட்டில் சாக்ஸஃபோன் வாசித்தவர். இந்தக் கட்டுரை அவரால் எழுதப்படுகிறது. அவருக்கு நான் செய்த ஒரு காரியத்தாலும்.

*

ஜாஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மங்கிய வெளிச்சம், கோட் போட்ட ஆட்கள், கையில் கிளாஸ். இந்தியாவில் அது வந்து இறங்கிய இடமும் ஏறக்குறைய அப்படித்தான். 1935-இல் லியான் ஆபி என்ற கறுப்பின வயலின் கலைஞரின் குழு பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலில் வாசித்தது. அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களில் கோவாக்காரர்கள் நிறைய. போர்ச்சுகீசிய சர்ச் பள்ளிகளில் மேற்கத்திய நொட்டேஷன் படித்தவர்கள். 'இந்தியாவின் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்' என்று அழைக்கப்பட்ட சிக் சாக்லேட் அவர்களில் ஒருவர். இவர்கள் இரவில் ஹோட்டலிலும் பகலில் சினிமா ஸ்டுடியோவிலும் வாசித்தார்கள். அப்படித்தான் ஜாஸ் இந்தி சினிமாவுக்குள் நுழைந்தது.

ஆனால் ஜாஸ் பிறந்தது ஹோட்டலில் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊர்வலம் போன பித்தளை வாத்தியக் குழுக்கள் அதன் முக்கியமான வேர்களில் ஒன்று. ராணுவ பேண்டின் கருவிகளைக் கறுப்பின மக்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கொண்டாட்டத்துக்கும் வாசித்தார்கள், சாவுக்கும் வாசித்தார்கள். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக, திரும்பி வரும்போது ஆட்டத்தோடு.

இதைப் படித்தபோது எனக்கு நேராக எங்கள் பேண்ட் செட்தான் ஞாபகம் வந்தது. இங்கேயும் வெள்ளைக்காரன் ராணுவத்தோடு வந்த டிரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம், பெரிய டிரம். இங்கேயும் ஜரிகை வைத்த சிவப்புச் சட்டை. இங்கேயும் கல்யாணம், சாவு இரண்டும். வாசிப்பவர்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் கடைசியாக உட்காரவைக்கப்படுபவர்கள் என்பதும் சேர்த்து. பம்பாய் தாஜ் ஹோட்டலைவிட ராசிபுரம் தெருவில் போகும் மாப்பிள்ளை அழைப்பு ஜாஸின் பிறப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தெரியலாம். ஆனால் தப்பில்லை.

*

எங்கள் பக்கம் இந்த மாதிரி சத்தம் வந்து சேர்ந்த முக்கியமான வழி ஒன்று உண்டு. ஏற்காடு ரோட்டில் இன்றும் ஒரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரோடு. உள்ளே ஸ்டுடியோ இல்லை, வீடுகள் இருக்கின்றன. டி. ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. அவர் பெயரில் இருக்கும் 'டி' திருச்செங்கோடு. இங்கிலாந்தில் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, நூலை விட்டு ஃபிலிமைப் பிடித்தவர். 1937-இல் 'சதி அகல்யா', 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கருணாநிதி வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' 1950-இல் இங்கிருந்துதான் வந்தது.

1963-இல் சுந்தரம் இறந்தபின் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். அடுத்து வந்தது துப்பறியும் படங்களின் காலம். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்' (1966), 'இரு வல்லவர்கள்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970). இந்தப் படங்களுக்கு இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரை ஒற்றை வரியில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மெட்டு வேறு, வாத்திய அமைப்பு வேறு என்பது கேட்டால் தெரியும். பாங்கோ, டிரம்பெட், சாக்ஸஃபோன், ஸ்விங் நடை, அதன் மேல் எல். ஆர். ஈஸ்வரியின் குரல். பம்பாய் ஹோட்டலின் இசை, இந்தி சினிமா வழியாகச் சுற்றி, சேலத்துப் படத்துக்கு வந்துவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்களில் இந்த இசை பெரும்பாலும் வில்லனின் கூடாரத்தில்தான் ஒலிக்கும். கிளப், மது, கடத்தல், 'கெட்ட' பெண். கதாநாயகி வீட்டில் வீணை இருக்கும், வில்லன் வீட்டில் சாக்ஸஃபோன் இருக்கும். அந்த வாத்தியத்துக்குத் தமிழில் கிடைத்த முதல் வேடம் அதுதான்.

பெரியப்பா அப்போது பதினெட்டு வயசுப் பையன். பேண்ட் செட்டில் கிளாரினெட்டோடு சேர்ந்தவர், இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு சாக்ஸஃபோனுக்கு மாறினார். பாட்டைப் பழக என்ன செய்வார்கள்? டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்து, அதே படத்தை நாலு நாள் பார்ப்பார்களாம். "முதல் நாளு பாட்டு. ரெண்டாம் நாளு இடையில வர்ற பிட்டு. மூணாம் நாளு டிரம்பெட்டுக்காரன் அவனுது. நாலாம் நாளு கதை." எழுதத் தெரியாது, நொட்டேஷன் தெரியாது. படத்தில் அரை நிமிஷம் வருகிற பிட்டை, மாப்பிள்ளை கார் முன்னாடி ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தால் பத்து நிமிஷம் இழுக்க வேண்டும். அந்த மீதி ஒன்பதரை நிமிஷத்துக்கு என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டேன். "வாயில வர்றதுதான்" என்றார்.

ஜாஸ்காரர்கள் அதற்கு இம்ப்ரொவைசேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

மறுபடி ஜோ மொரெல்லோவுக்கு வருகிறேன். 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை புரூபெக் குழுவைப் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று நீண்ட பயணம் அனுப்பியது. பனிப்போர் காலம், ஜாஸ் அவர்களின் தூதுவர். மெட்ராஸுக்கும் வந்தார்கள். மொரெல்லோ அங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார். புதுக்கோட்டை வழியில் வந்தவர், இடது கை மிருதங்கக்காரர், கணக்கில் அசுரர். அடுத்த வருஷம் புரூபெக் குழு 'டைம் அவுட்' பதிவு செய்தது. அதில் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடக்கும். நம்ம கணக்கில் சொன்னால் தகிட தக.

மெட்ராஸில் கேட்டதால்தான் 'டேக் ஃபைவ்' பிறந்தது என்று நான் சொல்லவில்லை. மொரெல்லோ முன்பிருந்தே அந்த மாதிரி எண்ணிக்கைகளில் விளையாடிக்கொண்டிருந்தவர். நான் சொல்வது சின்ன விஷயம்தான். மெட்ராஸில் பிள்ளைவாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த கை, 1959-இல் நியூயார்க்கில் பதிவாகி, 2000-இல் பாரிஸ்காரர் ஒருவரால் வெட்டப்பட்டு, கிக் டிரம் மேல் ஒட்டப்பட்டு, ஒரு பேண்ட் செட்காரர் காதுக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அவரும் அதை 'ஆளு' என்று அடையாளம் கண்டுகொண்டார்.

ஜாஸும் எலெக்ட்ரானிக் நடன இசையும் ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டன என்பதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 1930-களில் ஜாஸ் ஆடுவதற்கான இசை. 1940-களில் பீபாப் வந்த பிறகு அது வேகமாகி, சிக்கலாகி, மெல்ல உட்கார்ந்து கேட்கும் இசையாக மாறியது. மைல்ஸ் டேவிஸ் அதைத் திரும்ப நடனத்தின் பக்கம் இழுத்தவர்களில் ஒருவர். 1972-இல் வந்த அவருடைய 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் சித்தாரும் பாதல் ராயின் தபலாவும்கூட உண்டு. அவரிடம் வாசித்த ஹெர்பி ஹான்காக் 1983-இல் 'ராக்கிட்' வெளியிட்டார், டிரம் மெஷினோடும் தட்டைக் கையால் தேய்க்கும் டி.ஜே.வோடும். இன்னொரு பக்கம் சிகாகோவில், 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் பெரும்பாலும் கறுப்பின, தன்பாலின இளைஞர்கள் ஆட, ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்ற, ஹவுஸ் இசை உருவானது. எண்பதுகளின் கடைசியில் லண்டன் டி.ஜே.க்கள் பழைய ஜாஸ் தட்டுகளை நடன அரங்கில் போட ஆரம்பித்தார்கள். 'ஆசிட் ஜாஸ்' என்று அதற்குப் பெயர் வந்தது. 1993-இல் 'அஸ்3' குழு ஹான்காக்கின் பழைய மெட்டை வெட்டி ஒட்டி 'கேன்டலூப்' செய்து உலகம் முழுக்க ஓடவிட்டது. உட்கார்ந்துவிட்ட ஜாஸை மறுபடி எழுப்பி ஆடவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பேண்ட் செட்டில் அது உட்காரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

இந்தியாவில் மெஷின் வந்த கதையிலும் ஒரு விசித்திரம். பம்பாய் சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 மூன்றையும் வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்து ஒரு எல்.பி. பதிவு செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் அதிர்ந்தது. சிகாகோவில் 1987-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் சத்தம் இதில் அப்படியே இருக்கிறது. அவர் 2015-இல் இறந்தார். பெயர் கிடைக்க ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. ஆனால் கிடைத்தது. தட்டின் உறையில் அவர் பெயர் அச்சாகியிருந்தது அதற்கு ஒரு காரணம்.

தமிழில் 1986-இல் இளையராஜாவின் 'புன்னகை மன்னன்'. கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேச்சு. அதன் சீக்வென்ஸர் வேலையில் கூட இருந்தவர் திலீப், பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மான். 1992-இல் 'ரோஜா', 1993-இல் 'திருடா திருடா', 1994-இல் 'காதலன்'. அப்புறம் அதே 1994-இல் 'டூயட்'. மெஷின் ஆளான ரஹ்மான், படம் முழுக்க கத்ரி கோபால்நாத்தின் மூச்சை ஓடவிட்டார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தவர் கோபால்நாத். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜான் ஹேண்டியோடு மேடையேறியவர். அவருக்கும் ஆரம்பம் ஒரு பேண்ட் என்பதைப் பெரியப்பா பெருமையாகச் சொல்வார்.

'டூயட்' வந்ததும் எங்கள் பக்கம் சாக்ஸஃபோன் வில்லன் வேஷத்தைக் கலைத்துவிட்டது. முகூர்த்தத்துக்கே கேட்டார்கள். "ரெண்டு வருஷம் நான் தூங்கவே இல்ல சாமி" என்பார் பெரியப்பா. ஆத்தூர், திருச்செங்கோடு, பரமத்தி, எங்கே கூப்பிட்டாலும் போனார்.

1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது. அதே மாதம் 'இருவர்' வெளிவந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்து நண்பர்கள் இருவரை மனதில் வைத்து மணிரத்னம் எடுத்த படம். அந்தக் காலத்தைக் காட்ட ரஹ்மான் எடுத்தது ஜாஸை. ஹரிணி பாடியதையும் ஆஷா போஸ்லே பாடியதையும் இப்போது கேட்டுப் பாருங்கள். வேதாவின் சத்தம் முப்பது வருஷம் கழித்து மரியாதையான உடுப்போடு திரும்பி வந்த மாதிரி இருக்கும். இன்னொன்று, ரஹ்மானின் கேசட் அட்டைகளில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்களும் அச்சாயின. அதற்கு முன் தமிழ் சினிமா ரெக்கார்டுகளில் இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் பெயர்கள் இருக்கும். வேதாவின் பாட்டில் அந்த டிரம்பெட்டை ஊதியது யார் என்று ரெக்கார்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

*

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

2009-இல் அக்காவுக்குக் கல்யாணம். ராசிபுரத்தில் மண்டபம். பெரியப்பா அப்பாவிடம் சொன்னார், "நம்மூட்டுப் புள்ள கல்யாணம், நாங்களே வாசிச்சுக்கறோம், காசு கீசுன்னு பேசாத." அப்பாவும் சரி என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் நண்பர்கள் வருவார்கள், பேண்ட் செட்டெல்லாம் பழசா இருக்கும், டி.ஜே. வைக்கலாம் என்று நின்றேன். வீட்டில் முதல் பட்டதாரி. நான் சொன்னால் எடுபட்டது.

டி.ஜே. வந்தது. ஆளுயர ஸ்பீக்கர் எட்டு. ஒரு லேப்டாப். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாக்ஸஃபோன் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும், மணமகள் அறையில் பாய்க்குக் கீழே தள்ளி வைத்திருந்தாராம். யாராவது கேட்டால் ஒரு பாட்டு வாசிக்கலாம் என்று. யாரும் கேட்கவில்லை. அன்றிரவு டி.ஜே. போட்ட ரீமிக்ஸ்களில் ஒன்றில் சாக்ஸஃபோன் வந்தது. கீபோர்டில் எடுத்த சாக்ஸஃபோன். எல்லோரும் ஆடினோம். நானும்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வாத்தியத்தை விற்றுவிட்டார். என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். பேண்ட் செட்டுகளுக்கு அழைப்பு குறைந்துகொண்டே வந்தது, கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர் கடைசியாக வாசிக்க நினைத்த இடம் எங்கள் வீட்டுக் கல்யாணம். அதை மறுத்தது நான்.

அதனால்தான் 'ரோஸ் ரூஜ்' மாதிரிப் பாட்டுகளை என்னால் இப்போது வெறுமனே ரசிக்க முடிவதில்லை. மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெஷின் மனிதனை அழித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நவார் என்ன செய்தார்? மெஷினைப் போட்டு, அதன் மேல் ஆட்களையும் கூட்டிவந்து வாசிக்கவைத்தார். 'டூரிஸ்ட்' ஆல்பத்தில் சாக்ஸஃபோன், டிரம்பெட், பெர்கஷன் எல்லாம் நிஜ ஆட்கள். ரஹ்மானும் அதைத்தான் செய்தார். கிக் டிரம்முக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நாங்கள் அந்த நாற்காலியை எடுத்துவிட்டோம். எட்டு ஸ்பீக்கருக்கு நடுவில் பெரியப்பாவை நிறுத்தி, டி.ஜே. அடியில் இடிக்க, மேலே அவரை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ராசிபுரம் மண்டபத்தில் 2009-இல் அது நடந்திருக்க எந்தத் தடையும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை.

புதுச்சத்திரம் தாண்டி நைனாமலை கண்ணில் பட்டபோது பாட்டு முடிந்தது. "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். இந்த முறை முன் சீட்டுக் கம்பியில் அவர் விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சாக்ஸஃபோன் பிடி. இடது கை மேலே, வலது கை கீழே.

அவர் பேண்ட் செட்டில் மொத்தம் பதினொரு பேர். நாமக்கல் ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருந்த நேரத்தில் ஒவ்வொரு பெயரையும், என்ன வாத்தியம், எந்த ஊர் என்று கேட்டு போனில் எழுதிக்கொண்டேன். டிரம்பெட்காரர் ஒருவர் பெயர் மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது, மல்லூர் பக்கம், தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி அந்தப் பெயரைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

உங்கள் ஊரிலும் ஒரு பேண்ட் செட் இருந்திருக்கும். வாசித்தவர் யாராவது இன்னும் இருப்பார். போய் உட்கார்ந்து கேளுங்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு பக்கம் இயர்ஃபோனையும் கொடுங்கள்.